அளவுகோலும் குழந்தையும்

பள்ளிச் சுவரில் வரையப்பட்ட உயரக் கோட்டைவிட எளிமையான அறிவியல் கருவி இருக்க முடியுமா என்று தெரியவில்லை. குழந்தையின் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு மட்டப்பலகையை வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்க வேண்டியதுகூட இல்லை. ஆயினும் அந்த ஓர் எண்ணுக்குள் எத்தனையோ செய்திகள் பதிந்திருக்கின்றன. கருவுற்றிருந்தபோது தாய் உண்டது, தாய்ப்பால் எப்போது நின்றது, கிணற்று நீர் எப்படி இருந்தது, எத்தனை முறை வயிற்றுப்போக்கு வந்துபோனது, வீட்டில் யாருக்குப் பிறகு யார் சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம். எழுதத் தெரியாத குடும்பங்களின் வரலாறு அவர்களுடைய குழந்தைகளின் எலும்புகளில் எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

வறிய நாடுகளின் குழந்தைகளை இவ்வாறு நிறுத்தி அளந்த வரலாற்றைத் தொடர்ந்து வாசிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கோல் கெட்ட செய்தி சொன்ன போதெல்லாம் இருவகை எதிர்வினைகள் எழுந்துள்ளன. ஒன்று, குழந்தையின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மற்றொன்று, கோலையே சற்றுக் குட்டையாக்கிவிடலாமா என்று யோசிப்பது. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

உயரத்துக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பு முதலில் ஐரோப்பாவில்தான் கண்டறியப்பட்டது. 1829ல் பிரெஞ்சு மருத்துவர் லூயி ரெனே வில்லெர்மே, படைக்கு ஆளெடுக்கும்போது பதிவான உயரங்களை மாவட்டவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். வளமான பகுதிகளின் இளைஞர்கள் உயரமாக இருந்தார்கள். வறிய பகுதிகளில் குள்ளமாக இருந்தார்கள். தட்பவெப்பமும் இனமும்தான் உயரத்தைத் தீர்மானிக்கின்றன என்ற அன்றைய நம்பிக்கைக்கு எதிரான சான்று இது.

ஆனால் குழந்தைகள் மீது அரசாங்கங்களின் கவனம் திரும்பியதற்குக் காரணம் கருணை அன்று, போர். தென்னாப்பிரிக்காவில் போயர் போருக்கு ஆளெடுத்தபோது, பிரிட்டனின் தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களில் பெரும்பகுதியினர் உடற்தகுதியில் தேறவில்லை. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட குழு 1904ல் அறிக்கை தந்தது. 1906ல் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளை அனுமதிக்கும் சட்டமும், 1907ல் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனைக்கான சட்டமும் வந்தன. உலகையே ஆண்ட பேரரசு தன் சொந்தக் குழந்தைகள் வளராமலிருப்பதை அப்போதுதான் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது.

இவ்வரிசையில் 1930ல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் நடந்த பால் சோதனை மிகச் சுவையானது. 67 பள்ளிகள், 20,000 குழந்தைகள். பாதிப்பேருக்கு நான்கு மாதங்கள் நாள்தோறும் முக்கால் பைண்ட் பால் (சுமார் 425 மில்லி), மீதிப்பேருக்கு இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் எல்லோரையும் அளந்தார்கள். பால் குடித்த குழந்தைகள் கூடுதலாக வளர்ந்தார்கள் என்று அறிக்கை கூறியது. மறு ஆண்டு 'மாணவன்' என்ற புனைபெயரில் ஒரு விமர்சனம் வந்தது. அதை எழுதியவர் டப்ளின் நகரத்து மதுபான ஆலையொன்றில் பணியாற்றிய புள்ளியியலாளர் வில்லியம் காஸெட். பால் பெறும் குழுவிலும் பெறாத குழுவிலும் சமநிலை இல்லையெனத் தோன்றினால் ஆசிரியர்கள் குழந்தைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி தரப்பட்டிருந்தது. அதன் விளைவாக, தொடக்கத்திலேயே பால் பெறாத குழுவின் குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் முந்தி இருந்தார்கள். வாடிய முகத்தைக் கண்ட ஆசிரியர்கள் தம்மையறியாமலேயே அந்தக் குழந்தையைப் பால் பெறும் வரிசைக்கு நகர்த்தியிருக்க வேண்டும் என்று காஸெட் ஊகித்தார். போதாக்குறைக்குக் குழந்தைகளை உடையோடு எடைபோட்டிருந்தார்கள். பிப்ரவரியின் கம்பளி உடைக்கும் ஜூன் மாத உடைக்கும் வேறுபாடு உண்டல்லவா?

ஆசிரியர்களின் இரக்கம் ஒரு பெரிய ஆய்வைக் கெடுத்துவிட்டது. இந்த நிகழ்ச்சி புள்ளியியல் வகுப்புகளில் எச்சரிக்கைக் கதையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதை வேறொரு விதமாகவும் வாசிக்கலாம். எந்தக் குழந்தைக்குப் பால் தேவை என்று வகுப்பில் நிற்பவருக்கு அளவுகோல் இல்லாமலேயே தெரிந்திருந்தது.

*

ஐரோப்பா தன் குழந்தைகளை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதன் காலனிகளில் குழந்தைகள் பெயரிடப்படாத ஒரு நோயால் இறந்துகொண்டிருந்தார்கள். 1929ல் பிரிட்டிஷ் கோல்டு கோஸ்ட்டுக்கு (இன்றைய கானா) சென்ற மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளிறி வருவதைக் கண்டார். அது தோல்நோய் என்றும் வைட்டமின் குறைபாடு என்றும் மற்ற மருத்துவர்கள் கருதினர். வில்லியம்ஸ் உள்ளூர்ப் பெண்களிடம் கேட்டார். அவர்களிடம் அதற்கு ஒரு சொல் இருந்தது. கா மொழியில் 'குவாஷியோர்க்கர்': அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய். 1933ல் நோயை விவரித்தும், 1935ல் அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்தும் அவர் கட்டுரைகள் எழுதினார். மருத்துவம் பெயரிடாத ஒன்றை, காரணத்தோடு சேர்த்துப் பெயரிட்டிருந்தார்கள் அக்ராவின் தாய்மார்கள்.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இவ்விடத்தில் என்னால் நிற்காமல் போக முடியவில்லை. நம்மிடமும் அந்தச் சொல் இருக்கிறது: சவலை. தாய் மீண்டும் கருவுற்றதால் பால் மறந்து மெலிந்துபோன பிள்ளையைச் 'சவலைப் பிள்ளை' என்று இன்றும் கிராமங்களில் சொல்வார்கள். யாப்பிலும் அது புகுந்திருக்கிறது. இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து வரும் வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்று பெயர். இலக்கணம் வகுத்தவர்கள் ஒரு குறையைச் சுட்ட எல்லோருக்கும் தெரிந்த உருவமொன்றைத் தேடியபோது அவர்கள் மனத்தில் வந்து நின்றது பால் கிடைக்காத பிள்ளை. கடல்களால் பிரிந்த இரு மொழிகள் ஒரே நோய்க்கு ஒரே காரணத்தைச் சொல்லியிருப்பது தற்செயல் அன்று. இரண்டுமே நெருங்கிய பிள்ளைப்பேறுகளும் மாவுச்சத்து மட்டுமே மிஞ்சிய தட்டும் கொண்ட சமூகங்களிலிருந்து வந்த சொற்கள்.

*

பெயர் கிடைத்தது, அளவு வேண்டுமே. மெக்சிகோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபெடரிகோ கோமெஸ் 1940களில் ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். 1956ல் வெளியான கட்டுரையின் மூலம் அது உலகெங்கும் பரவியது. வயதுக்குரிய சராசரி எடையில் 76 முதல் 90 விழுக்காடு இருந்தால் முதல் நிலை, 61 முதல் 75 வரை இரண்டாம் நிலை, 60ம் அதற்குக் கீழும் மூன்றாம் நிலை. மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்று கணிப்பதற்காக உருவான கணக்கு, விரைவிலேயே நாடுகளை ஒப்பிடும் கருவியாயிற்று.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வயதுக்குரிய சராசரி என்றால் யாருடைய சராசரி? 1960களில் பெரிதும் பயன்பட்டது ஹார்வர்டு அளவு. பாஸ்டன் நகரத்து வெள்ளைக் குழந்தைகளை அளந்து பெற்றது. 1978 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததும் அமெரிக்க அளவுதான். அதில் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான பகுதி ஓஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளிடமிருந்து திரட்டப்பட்டது. ஜாவாவின் குழந்தையையும் தான்சானியாவின் குழந்தையையும் ஓஹையோவின் குழந்தையோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பதில் தவறில்லை. அது காலனியத்தை அனுபவித்தவர்கள் கேட்கவேண்டிய கேள்வியும்கூட.

1974ல் ஹாபிக்ட் முதலானோர் அக்கேள்விக்கு விடை தேடினார்கள். பல நாடுகளின் வசதியான வீட்டுக் குழந்தைகளை ஒப்பிட்டபோது அவர்களிடையே இருந்த உயர வேறுபாடு மிகச் சிறியது. ஒரே நாட்டின் செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் இருந்த வேறுபாடு அதைவிடப் பல மடங்கு. பள்ளிப்பருவத்துக்கு முந்திய வயதிலாவது, இனத்தைவிட வர்க்கமே உயரத்தைத் தீர்மானிக்கிறது என்பது அதன் பொருள்.

*

ஆனால் கோலைக் குட்டையாக்கும் ஆசை அத்தோடு தீரவில்லை. 1970களில் இந்தியப் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே, மனித உடல் குறைந்த உணவுக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது என்று வாதிட்டார். 1982ல் அவர் பதிப்பித்த நூலில் அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் செக்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். வயதுக்கேற்ற உயரமில்லாமல், ஆனால் உயரத்துக்கேற்ற எடையோடு இருக்கும் கோடிக்கணக்கான குழந்தைகள் நோயாளிகள் அல்லர்; அவர்கள் சிறிய, ஆனால் ஆரோக்கியமான குழந்தைகள் என்றார். பட்டினியின் எல்லை ஒரே வாக்கியத்தில் சுருங்கிவிட்டது. அரசாங்கங்களுக்கு இதைவிடச் சிக்கனமான ஊட்டச்சத்துத் திட்டம் இருக்க முடியாது.

இதற்கு மிகக் கடுமையாக மறுப்பெழுதியவர் சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற சி. கோபாலன். இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் மூலவர்களில் ஒருவர் அவர். அவருடைய வாதம் எளியது. குழந்தை குள்ளமாக நின்றுபோனது ஆரோக்கியமான தகவமைப்பு அன்று; பற்றாக்குறை விட்டுச்சென்ற தழும்பு. வளர்ச்சி நின்றால்தான் உயிர் தங்கும் என்ற நிலையில் உடல் செய்த சமரசத்தை நலம் என்று அழைக்கக் கூடாது. குள்ளமாக வளர்ந்த பெண்ணுக்குப் பேறுகாலம் ஆபத்தானது. அவளுக்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. உடலுழைப்பில் கூலி ஈட்டுபவனுக்குச் சிறிய உடல் குறைந்த கூலி. வசதியானவர் எவரும் தம் பிள்ளைக்கு இந்தக் கோட்பாட்டைப் பொருத்திப் பார்த்து மகிழ்வதில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

வாதங்கள் இருக்கட்டும், சான்று என்ன? அது குவாதமாலாவிலிருந்து வந்தது.

*

மத்திய அமெரிக்கா, பனாமாவுக்கான ஊட்டச்சத்து நிறுவனம் 1949ல் குவாதமாலாவில் தொடங்கப்பட்டது. 1969 முதல் 1977 வரை அது நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. நான்கிலும் இலவச மருத்துவம் தரப்பட்டது. இரண்டு கிராமங்களில் புரதமும் ஆற்றலும் மிக்க 'அத்தோலே' என்ற கஞ்சி. மற்ற இரண்டில் புரதமில்லாத, ஆற்றல் குறைந்த 'ஃப்ரெஸ்கோ' என்ற இனிப்புப் பானம். யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம். யார் எவ்வளவு குடித்தார்கள் என்பது மட்டும் குறிக்கப்படும். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்த குழந்தைகள் உயரமாக வளர்ந்தார்கள். ஆனால் மூன்று வயதுக்குப் பின், ஏழு வயது வரை, அதே கஞ்சியைக் குடித்தவர்களின் உயரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. தரமான உணவென்று தெரிந்திருந்தும் பாதிக் கிராமங்களுக்குத் தராமல் சோதித்தது முறையா என்ற கேள்வி இன்றும் மனத்தை உறுத்தக்கூடியதே.

அந்தக் குழந்தைகளை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி, ஒப்பிடத்தக்க மற்றவர்களைவிட ஏறத்தாழ 46 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2008ல் வெளியான ஆய்வு கூறியது. மூன்று வயதுக்குப் பின் கஞ்சி கிடைத்தவர்களிடம் இந்த ஆதாயம் இல்லை. சிறிய உடல், ஆனால் ஆரோக்கியம் என்ற வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

அதே நாட்டிலிருந்து இன்னொரு சான்றும் கிடைத்தது. குவாதமாலாவின் பழங்குடிகளான மாயர்கள் உலகின் மிகக் குள்ளமான மக்களில் ஒருவர். அது அவர்களுடைய இனப்பண்பு என்றே பலரும் நம்பினர். 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது பல மாயக் குடும்பங்கள் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றன. ஃப்ளோரிடாவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளை மானிடவியலாளர் பாரி போகினும் அவருடைய குழுவினரும் அளந்தார்கள். 2000ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மாயப் பள்ளிக் குழந்தைகள் குவாதமாலாவில் இருந்த மாயக் குழந்தைகளைவிடச் சராசரியாக 11 செ.மீ.க்கு மேல் உயரமாக இருந்தனர். ஒரே தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. மாறியது தண்ணீரும், தட்டும், அச்சமும்தான். அவர்களில் பலர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வறுமையின் ஒரு வடிவத்திலிருந்து மீண்டவர்கள் அதன் இன்னொரு வடிவத்துக்குள் நுழைந்தார்கள்.

குவாதமாலா அரசு தன் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளின் உயரக் கணக்கெடுப்பைப் பலமுறை நடத்தியிருக்கிறது. 2001ல் 49.8 விழுக்காட்டினரும், 2008ல் 45.6 விழுக்காட்டினரும், 2015ல் 37.6 விழுக்காட்டினரும் வயதுக்குரிய உயரமின்றி இருந்தனர். (அளவின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்கும் கீழே இருப்பவர்களையே இப்படிக் கணக்கிடுவார்கள். நன்கு வளரும் ஒரு சமூகத்தில் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளே அக்கோட்டுக்குக் கீழே வருவார்கள்.) மாயர்கள் மிகுந்த மேட்டுநில மாவட்டங்களில் நிலைமை மிக மோசம்.

*

கோல் யாருடையது என்ற பழைய கேள்விக்கு 2006ல் ஓரளவு முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, தெற்கு தில்லி, நார்வேயின் ஓஸ்லோ, ஓமனின் மஸ்கட், கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஆகிய ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. எல்லோரும் தாய்ப்பால் அருந்தியவர்கள், தாய் புகைபிடிக்காதவர், வீட்டுச் சூழல் வளர்ச்சிக்குத் தடையாக இல்லாதது. முடிவில் ஆறு ஊர்க் குழந்தைகளின் வளர்ச்சிக் கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. உயரத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் ஊர்களுக்கு இடையிலான பங்கு 3 விழுக்காடு மட்டுமே. 1930களில் வில்லியம்ஸ் குவாஷியோர்க்கரைக் கண்ட அதே அக்ராவில், வசதியான வீடுகளின் குழந்தைகள் ஓஸ்லோவின் குழந்தைகளுக்கு நிகராக வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆயினும் விவாதம் ஓயவில்லை. தெற்காசியக் குழந்தைகள், தம்மைவிட வறிய ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளைவிட ஏன் நலிந்திருக்கிறார்கள் என்ற கேள்வியை ராமலிங்கசாமி முதலானோர் 1996ல் 'ஆசியப் புதிர்' என்ற பெயரில் எழுப்பியிருந்தார்கள். 2013ல் பொருளியலாளர் அரவிந்த் பனகரியா, புதிர் குழந்தைகளிடம் இல்லை, கோலில்தான் இருக்கிறது என்று எழுதினார். இந்தியக் குழந்தைகள் இயல்பாகவே சற்றுக் குள்ளமானவர்கள் என்பது வாதத்தின் சாரம். மறுப்புகள் பல வந்தன. திறந்தவெளி மலங்கழிப்பால் குடலுக்கு ஏற்படும் தொடர் பாதிப்பை டீன் ஸ்பியர்ஸ் சுட்டினார். 2017ல் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. இந்தியக் குடும்பங்களின் முதல் குழந்தைகள் ஆப்பிரிக்காவின் முதல் குழந்தைகளைவிடக் குள்ளமாக இல்லை. இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை இறங்க இறங்கத்தான் இடைவெளி திறக்கிறது. மூத்த மகனுக்குத் தரப்படும் முன்னுரிமையோடு அதை அவர்கள் தொடர்புபடுத்தினார்கள். மரபணு பிறப்பு வரிசை பார்த்து வேலை செய்வதில்லை, சமையலறை செய்கிறது.

*

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குட்பட்டவர்களைப் பற்றியது. பள்ளிக் குழந்தைகளை நாடுவிட்டு நாடு ஒப்பிட்ட ஆய்வுகள் மிகக் குறைவு. அவற்றைக் கவனமாகவே வாசிக்க வேண்டும்.

1998ல் கானா, தான்சானியா, இந்தோனேசியா, வியட்நாம், இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் ஊர்ப்புறப் பள்ளிக் குழந்தைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. மொழி வேறு, உணவு வேறு, நிலம் வேறு. ஆனால் வயதுக்குரிய உயரமில்லாதவர்களின் பங்கு ஐந்திலும் 48 முதல் 56 விழுக்காட்டுக்குள் அடங்கியது. வயது ஏற ஏறக் குழந்தைகள் அளவிலிருந்து மேலும் மேலும் விலகிச் சென்றார்கள். பள்ளியில் இருக்கும் ஆண்டுகள் இழப்பை ஈடுசெய்யவில்லை.

ஒப்பீட்டில் இரு எச்சரிக்கைகள் தேவை. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2007ல் வெளியிடப்பட்ட உலக அளவு, பழைய அமெரிக்கத் தரவுகளை மறுசீரமைத்துப் பெறப்பட்டது. ஆறு நகர ஆய்வைப் போன்ற ஒன்று இவ்வயதினருக்கு நடத்தப்படவில்லை. அடுத்தது, பள்ளியில் அளக்கும்போது பள்ளிக்கு வந்தவர்களைத்தான் அளக்கிறோம். கானாவிலும் தான்சானியாவிலும் குள்ளமான குழந்தைகள் தாமதமாகவே பள்ளியில் சேர்கிறார்கள் என்று கண்டறியப்பட்டது. இது நமக்குப் புதிதன்று. பிறப்புச் சான்றிதழ் வழக்கத்தில் இல்லாத காலத்தில், வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லிப் பள்ளியில் சேர்த்த முறையை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இதே வழக்கம் இருந்தது. வயதைக் கண்டறியும் சோதனை என்று பெயர். உண்மையில் அது வளர்ச்சியைக் கண்டறியும் சோதனை. சரியாக உண்ணாததால் கை நீளாத பிள்ளைக்குப் பள்ளிக்கதவு ஓராண்டு தாமதமாகத் திறந்தது.

2020ல் 200 நாடுகளைச் சேர்ந்த ஆறரைக் கோடிப் பேரின் அளவுகளைத் திரட்டிய மாபெரும் ஆய்வு ஒன்று, 5 முதல் 19 வயது வரையிலான வளர்ச்சியை 1985 தொடங்கி ஒப்பிட்டது. குவாதமாலாவிலும் வங்கதேசத்திலும் 19 வயதுப் பெண்ணின் சராசரி உயரம், நெதர்லாந்தின் 11 வயதுச் சிறுமியின் உயரம். சீனாவின் 19 வயது ஆண்கள் 1985ல் இருந்தவர்களைவிட 8 செ.மீ. உயர்ந்திருந்தார்கள். சகாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் உயரம் தேங்கியோ குறைந்தோ இருந்தது. சில நாடுகளில் ஐந்து வயதில் நன்றாக இருந்த குழந்தைகள் பள்ளிப்பருவத்தில் பின்தங்கிப் போனார்கள். முதல் ஆயிரம் நாட்களே எல்லாம் என்று சொல்லிப் பள்ளி வயதைக் கைவிட்டுவிட முடியாது என்பதை இது உணர்த்துகிறது.

*

அப்படியானால் பள்ளியில் போடும் சோறு என்ன செய்கிறது?

சென்டிமீட்டரில் கேட்டால் விடை ஏமாற்றமளிக்கும். ஜமைக்காவின் 16 ஊர்ப்புறப் பள்ளிகளில் ஓராண்டு காலை உணவு தந்து பார்த்தார்கள்; ஒப்பீட்டுக் குழுவுக்குக் கால் ஆரஞ்சுப் பழம். 1998ல் வெளியான முடிவின்படி உயரத்தில் கிடைத்தது மிகச் சிறிய ஆதாயம்; வருகை கூடியது, இளைய வகுப்பினர் கணக்கில் முன்னேறினர். கென்யாவின் எம்பு மாவட்டத்தில் 1998 முதல் 2000 வரை 12 பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு, சோளமும் பயறும் சேர்ந்த 'கிதேரி'யோடு சிலருக்கு இறைச்சியும் சிலருக்குப் பாலும் சிலருக்கு எண்ணெயும் சேர்த்துத் தந்தார்கள். பால் பெற்றவர்களில் இளையவர்களும் முன்பே குள்ளமாயிருந்தவர்களும் சற்றுக் கூடுதலாக வளர்ந்தனர். இறைச்சி பெற்றவர்கள் அறிவுத்திறன் சோதனையில் முந்தினர். குவாதமாலாவின் பாடம் பொய்க்கவில்லை. ஆறு வயதில் தரும் உணவு இரண்டு வயதில் இழந்ததை முழுவதும் மீட்டுத் தருவதில்லை.

உயரத்தை மீட்ட நாடுகள் வேறு வழியில் சென்றன. பிரேசிலில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரமின்மை 1974-75ல் 37.1 விழுக்காடு; 2006-07ல் 7.1. இந்தச் சரிவின் கடைசிப் பத்தாண்டை ஆராய்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவினர் கண்ட காரணங்களில் முதலிடம் தாயின் கல்விக்கு. அடுத்து ஏழைக் குடும்பங்களின் வாங்கும் திறன். பிறகு மருத்துவ வசதியும் கழிவுநீர் ஏற்பாடும்.

தாயின் கல்வி என்ற சொல்லில்தான் பள்ளிக்குத் திரும்பும் வழி இருக்கிறது. பள்ளி உணவின் வரலாற்றில் தமிழகத்துக்குத் தனியிடம் உண்டு. 1920ல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியதும், 1956ல் காமராசர் விரிவாக்கியதும், 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக்கியதும், 2022ல் காலை உணவு சேர்ந்ததும் நாம் அறிந்தவையே. 2001ல் உச்சநீதிமன்றம் சமைத்த மதிய உணவை எல்லா மாநில அரசுப் பள்ளிகளிலும் தர ஆணையிட்டது. இத்திட்டத்தின் பயனை மாணவர்களின் உயரத்தில் தேடியவர்களுக்கு அதிகம் கிடைக்கவில்லை. ஆனால் 2021ல் வெளியான ஓர் ஆய்வு வேறிடத்தில் தேடியது. 1993 முதல் 2016 வரையிலான நாடு தழுவிய தரவுகளைக் கொண்டு, சிறுமியாக இருந்தபோது மதிய உணவு உண்ட பெண்களின் குழந்தைகளைப் பார்த்தது. அக்குழந்தைகள் உயரமாக இருந்தார்கள். அந்தப் பெண்கள் கூடுதல் காலம் படித்திருந்தார்கள், தாமதமாகத் தாயானார்கள், குறைவான பிள்ளைகளைப் பெற்றார்கள், பேறுகால மருத்துவத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். தட்டில் போட்ட சோறு உண்டவளை அதிகம் உயர்த்தாமல், அவள் பெற்ற பிள்ளையை உயர்த்தியது.

2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்குரிய உயரமில்லாதவர்கள் இந்திய அளவில் 35.5 விழுக்காடு, தமிழகத்தில் 25. இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் மதிய உணவின் கணக்கில் எழுதுவது மிகை. நான்கில் ஒரு குழந்தை என்பது பெருமைப்படும் எண்ணும் அன்று.

இன்று முதல் வகுப்பில் சுவரோரம் நிறுத்தப்படும் சிறுமியின் உயரத்தில் நாம் படிப்பது பெரும்பாலும் கடந்தகாலத்தை. அவளுடைய தாயின் பசியை, அவள் குடித்த தண்ணீரை, வீட்டில் அவளுக்கிருந்த வரிசையை. அதைத் திருத்தும் வாய்ப்பில் பெரும்பகுதி கைநழுவிவிட்டது. ஆனால் அவள் வகுப்பில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால், நன்கு உண்டால், உரிய வயதுக்கு முன் மணமாகாமலிருந்தால், இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு குழந்தை இதே சுவரில் சற்று மேலே தொடும். அந்த இருபது ஆண்டுப் பொறுமை எந்த அரசின் ஐந்தாண்டுக் கணக்கிலும் பொருந்தாது. கோலைக் குட்டையாக்கும் வாதங்கள் மீண்டும் மீண்டும் எழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை அப்படியொரு வாதம் எழும்போது, அதைச் சொல்பவர் தம் வீட்டுப் பிள்ளைகளை எந்தக் கோலால் அளக்கிறார் என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.